சென்டர் ஃபார்வர்டை அனுப்பவும்

முடியும்னு இவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்களே சார். நான் கேட்டு முடிக்கக்கூட இல்லை. ஹாக்கியில் ஒரே ஆள் கோல் கீப்பராகவும் கெட்டிக்காரனா இருந்து, சென்டர் ஃபார்வர்டாகவும் கெட்டிக்காரனா இருக்க முடியுமான்னு கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கிட்டே ‘ஏன் முடியாது?’ன்னுட்டீங்க. நீங்க பி.டி. வாத்தியார், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். நான் பருத்திக் கிட்டங்கியில் ராத்திரிக் காவல் இருக்கிறவன். இருந்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன். முடியாது சார்.

ஆமா, கேள்வி கேட்டதும் நான்தான், முடியாதுங்கிறதும் நான்தான். அது தெரியுது எனக்கு.

நாலு சீட் காலியா கிடந்தும் உங்க பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன், பார்த்திருப்பீங்க. பையில் மட்டை தெரிஞ்சது. கோவில்பட்டியில் மட்டையோட ஒருத்தர் பஸ் ஏறுறது பெரிய விஷயமில்லை. ஆனா இன்னைக்குப் பாளையங்கோட்டையில் விளையாட்டு விடுதிக்குப் பொம்பளைப் பிள்ளைகளைத் தேர்வு பண்றாங்கன்னு எனக்குத் தெரியும். அங்கதான் விசில் ஊதப் போறேன்னு நீங்களும் சொன்னீங்க. சரி, அதுக்கு அப்புறம் வாரேன். முதல்ல ஏன் முடியாதுன்னு சொல்றேன், கேளுங்க. நெல்லைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.

எபநேசர்னு ஒருத்தன். எபன்னு கூப்பிடுவோம். நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில்தான் அவனும் வேலை பார்த்தான். தீப்பெட்டி செய்யிற இடத்தை நாங்க ஆபீஸ்னுதான் சொல்றது, வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. குச்சி அடுக்கின சட்டத்தை மருந்தில் முக்கி எடுக்கிற வேலை அவனுக்கு. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முக்கி எடுத்துரணும், ஒரு நொடி தாமதிச்சா மருந்து தடிச்சுப் போகும். அந்தக் கை அவனுக்கு. எங்க ஆபீஸுக்கு ஒரு ஹாக்கி டீம் உண்டு. மேட்ச் அன்னைக்கு அரை நாள் லீவு, சம்பளம் பிடிக்க மாட்டாங்க. நான்தான் கேப்டன். நான்தான் சென்டர் ஃபார்வர்ட். பத்து வருசத்துக்கு மேல ரெண்டும் நான்தான்.

அவன் வந்தப்போ பதினேழு வயசு. முதல் நாளே எங்க கீப்பருக்கு விரல் முறிஞ்சுபோச்சு. ‘ஏலே, நீ பேட் கட்டுலே’ன்னேன். கீப்பர் காலில் கட்டுற பேட் எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு ஜோடி, பஞ்சு பிதுங்கிக்கிட்டு, மழையில் நனைஞ்சா ஒவ்வொண்ணும் ஒரு மூட்டை கனம். கட்டிக்கிட்டு நின்னான். அன்னைக்குச் சாயங்காலம் நானே இருபது தடவை அடிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் உள்ள போகலை சார். ஒண்ணே ஒண்ணு போச்சு, அது அவன் அம்மா வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு கூப்பிட்டதில் திரும்பிட்டான். அன்னைக்கே சொல்லிட்டேன், ‘இனிமே நீதாம்லே கீப்பர்.’

ஃபார்வர்ட் எங்க வேணும்னாலும் கிடைப்பான். எங்க ஊரில் கல்லை எறிஞ்சா ஒரு ஃபார்வர்ட் மேல விழும். கீப்பர் கிடைக்க மாட்டான். இதை நான் அவன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். டீமுக்காகத்தான் சொன்னேன்.

அவன் எல்லாரையும் போல ஆட்டம் முடிஞ்சதும் வீட்டுக்குப் போக மாட்டான். பேட்டைக் கழற்றி ஓரமா வெச்சுட்டு, பந்தை எடுத்துக்கிட்டுத் தனியா மைதானத்துக்குள்ள இறங்குவான். எதிரில் யாருமே இல்லாம அவன்பாட்டுக்கு டாட்ஜ் பண்ணிக்கிட்டுப் போவான்.

‘அண்ணாச்சி, ஒரு மேட்ச்ல முன்னால ஆடிப் பாக்கட்டா?’

‘பேட்டைக் கழட்டினா உனக்குச் சளி பிடிச்சுக்கும்லே, போ.’

எல்லாரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான். சிரிப்பான்னுதான் ஞாபகம்.

ஒரு நாள் விளையாட்டுக்கு, ‘சரி வாலே, என்னைத் தாண்டிப் போ பார்ப்போம்’னேன். வந்தான். எனக்கு இடப்பக்கம்தான் வந்தான், கண்ணால் பார்த்தேன். மட்டையை வெச்சேன். பந்தும் இல்லை, அவனும் இல்லை. நான் மட்டும் குனிஞ்சபடி நிக்கேன். எங்க லெஃப்ட் பேக் ஒருத்தன், வாய் ஜாஸ்தி, ‘அண்ணாச்சி, தரையில என்னத்தத் தேடுதீக? சில்லறை கில்லறை விழுந்துட்டா?’ன்னான். மைதானமே சிரிச்சது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. சின்னப் பையன் விளையாட்டு, அதுக்கெல்லாம் யாராவது கோபப்படுவாங்களா? மறுநாளிலிருந்து பயிற்சி முடிஞ்சதும் பந்தையெல்லாம் எண்ணிப் பையில் போட்டுப் பூட்டச் சொல்லிட்டேன். பந்து தொலைஞ்சு போகுது சார், அதனால.

இதெல்லாம் பயிற்சி. மேட்ச் வேற. மேட்ச்சில்தான் ஆளோட லட்சணம் தெரியும்.

அதுக்குத்தான் சாத்தூர் ஃபைனலைச் சொல்றேன். அவன் வந்து நாலு வருசம் ஆயிருந்தது. அவனுக்கு இருபத்தொண்ணு, எனக்கு இருபத்தேழு. எதிர்த்த டீம் ஒரு மில் டீம், ஆறடிப் பசங்க. பாதி ஆட்டத்தில் எங்களுக்கு ரெண்டு கோல் விழுந்திருச்சு. கீப்பர் மேல தப்பில்லை, ரெண்டுமே எங்க ஆள் கால் பட்டுத் திரும்பின பந்து. போதாததுக்கு என் கணுக்கால் பிசகிப் பூசணிக்காய் மாதிரி வீங்கிருச்சு. மாத்தி விட ஒரே ஆள்தான் இருந்தான், அவன் பின்னால ஆடுறவன். நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து காலைப் பிடிச்சிக்கிட்டு இருக்கேன். எபன் வந்து முன்னால நின்னான்.

‘அண்ணாச்சி, பேட்டை அவன்கிட்ட குடுத்துட்டு நான் போறேன்.’

‘வேண்டாம்லே.’

‘ரெண்டு கோல் பின்னால நிக்கோம். இனி என்ன போயிரப் போகுது?’

எனக்கு வலி. தலையை ஆட்டினேனா இல்லையான்னுகூடத் தெரியலை. அவன் கழற்ற ஆரம்பிச்சுட்டான்.

மூணு கோல் சார்.

முதல் கோல் இடைவேளை முடிஞ்ச அஞ்சாவது நிமிசம். ரெண்டாவது கோல், மூணு பேரை வெட்டிக்கிட்டுப் போய்க் கீப்பரையும் உட்கார வெச்சுட்டுத் தள்ளிவிட்டான். அவன் கீப்பராச்சே, எந்தக் கீப்பர் எப்ப உட்காருவான்னு அவனுக்குத் தெரியும். மூணாவது, கடைசி விசிலுக்கு முந்தி. பந்து மேலெழும்பி வந்தது. தோளுக்குக் கீழே மட்டையால் அமுக்கி, தரையில் விழவிடாம… அதை எப்படிச் சொல்லன்னு தெரியலை. அம்பயரே விசிலை வாயிலிருந்து எடுத்துட்டார். மூணுக்கு ரெண்டு. கோப்பை எங்களுக்கு.

நீங்க சிரிக்கிறீங்க. ‘பாருங்க, முடியுதே’ன்னு நினைக்கிறீங்க. அப்படி இல்லை சார். அந்த மில் பசங்க முதல் பாதியிலேயே ஓடிக் களைச்சுட்டாங்க. மைதானம் கிழக்கே சரிவு, எங்களுக்கு இறக்கம். வெயில் அவங்க கண்ணுக்கு நேரே. எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும். ஒரு நாள் ஆட்டத்தை வெச்சு ஒரு ஆளை எடை போட முடியுமா?

டோல்கேட்டா இது? கயத்தாறு தாண்டிட்டோமா? நான் பேச ஆரம்பிச்சா இப்படித்தான். ராத்திரியெல்லாம் கிட்டங்கியில் பேச ஆள் கிடையாது. மூட்டைகளும் எலிகளும். அந்தப் பாக்கியையெல்லாம் பகலில் யார் தலையிலாவது கட்டிருவேன்.

அந்த ஃபைனலைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். ஏதோ ஒரு டிபார்ட்மென்ட். அவங்க டீமில் சேர்த்துக்கிட்டா வேலையும் கொடுப்பாங்க. மூணு வாரம் கழிச்சு ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடுதாசி வந்தது, கேப்டன் பேருக்கு. நல்ல தடிச்ச காகிதம், டைப் அடிச்சது. உங்கள் டீம் சென்டர் ஃபார்வர்டை இன்ன தேதியில் தேர்வுக்கு அனுப்பவும்னு இருந்தது.

சென்டர் ஃபார்வர்ட் யாரு? நான். சாத்தூரில் மேட்ச் ஆரம்பிக்கும் முன்னால டீம் லிஸ்ட் எழுதி அம்பயர்கிட்ட கொடுப்போம் இல்லையா, பதினோரு பேர், பேருக்கு நேரே எந்த இடம்னு. அதில் ‘சீனிராஜ், சென்டர் ஃபார்வர்ட்’னு இருக்கு. ‘எபநேசர், கோல் கீப்பர்’னு இருக்கு. நடுவில் மாறி ஆடினாலும் லிஸ்டைத் திருத்துற பழக்கம் எங்க பக்கம் கிடையாது. முதல்ல எழுதினதுதான். காகிதத்தில் எது இருக்கோ அதுதானே சார்? நான் போனேன்.

ஆபீஸில் எல்லாருக்கும் சந்தோசம். எபனுக்குத்தான் ரொம்பச் சந்தோசம். என் ஷூ பிஞ்சிருந்ததுன்னு அவன் புது ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு சைஸ் பெருசு. முன்னால துணியைத் திணிச்சுக் கொடுத்தான். ‘அண்ணாச்சி, நீங்க அங்க போயிட்டா எனக்கும் ஒரு எடம் பாத்து வையுங்க, கீப்பராத்தான்’னான். ரயில் ஏத்திவிட வந்தான்.

தேர்வில் என்னை எடுக்கலை. கணுக்கால் இன்னும் சரியாகலை, ஷூ வேற பெருசு. திரும்பி வந்தேன். எபன்கிட்ட சொன்னேன், ‘என்னையே வேண்டாம்னுட்டாங்கலே. அங்க முன்னால ஆடுற பசங்களைப் பார்த்தா நாமெல்லாம் ஒண்ணுமே இல்லை.’ அவன் தோளைத் தொட்டான். ஆபீஸ் டீமுக்கு நீங்க இருந்தாப் போதும் அண்ணாச்சின்னான்.

அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். கழுகுமலையில் ஒரு சின்ன டோர்னமென்ட். ‘இந்த மேட்ச் மட்டும் முன்னால வாரேன்.’ சரின்னு நானே பேட் கட்டினேன். சாத்தூரில் கட்டினவன் அன்னைக்கு வரலை, வேற யாருக்கும் கட்டத் தெரியலை, கேப்டன்தானே பொறுப்பு. அஞ்சு கோல் வாங்கினேன் சார். கோலுக்குள்ள நிக்கிறது எப்படி இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. மைதானம் பூராவும் உங்களைப் பார்த்தே ஓடி வர்ற மாதிரி இருக்கும். கால் ரெண்டும் உங்க பேச்சைக் கேட்காது. அஞ்சுக்கு நாலுன்னு தோத்தோம். அதிலிருந்து நான் திட்டமா சொல்லிட்டேன், ஒரு ஆளால் ரெண்டு இடம் முடியாது. முன்னால ஆடப் பிறந்தவன் முன்னால ஆடணும், பின்னால நிக்கப் பிறந்தவன் பின்னால நிக்கணும்.

அந்த நாலு கோலா? நாலையும் எபன்தான் போட்டான்.

என் வீட்டுக்காரி பேச்சிகூட அன்னைக்கு இதையே கேட்டா. ‘அவர் நாலு போட்டாரு, நீங்க அஞ்சு விட்டீங்க. முடியாதது யாரால?’ன்னா. கல்யாணமான புதுசு, சோத்தைப் போட்டுக்கிட்டே கேக்கா. உனக்கு ஹாக்கி தெரியாது பேச்சின்னேன்.

எபன் அதுக்கப்புறம் கேட்கவே இல்லை. மொத்தம் ஒன்பது வருசம் கீப்பர். அப்புறம் ஆபீஸில் மிஷின் வந்தது, ஆளைக் குறைச்சாங்க, டீமும் கலைஞ்சது. நான் கிட்டங்கிக்குப் போனேன். அவன் இப்போ லோடு ஆட்டோ ஓட்டுறான். வழியில் பார்த்தா வண்டியை நிறுத்தி, ‘அண்ணாச்சி, ஏறுங்க, வீட்ல விட்டுட்டுப் போறேன்’னு நிப்பான். நான் சும்மாவாச்சும் டீ குடிக்கப் போறேம்பேன்.

இவ்வளவுதான் சார் எபன் கதை. இதை மறந்துகூடப் போயிருந்தேன். முந்தாநாள் வரைக்கும்.

முந்தாநாள் மத்தியானம் மூணு மணி. ராத்திரி முழிக்கிறவனுக்கு அதுதான் நடுச்சாமம். பேச்சி வந்து எழுப்பினா. எபன் வந்திருக்கான், கூட ஒரு பிள்ளை. அவன் மகள், ஜெபசெல்வி, பதினாறு வயசு. கால் சட்டையும் பள்ளிக்கூட டீம் பனியனும் போட்டுக்கிட்டு நிக்குது. நல்ல உயரம். கையைப் பார்த்தேன் சார். அதே கை.

‘அண்ணாச்சி, இவ பள்ளிக்கூடத்துல கீப்பரு. நாளைக் கழிச்சு பாளையங்கோட்டையில தேர்வு. கீப்பராப் போனா எடுத்துருவாங்கன்னு அவங்க டீச்சரே சொல்லுது. இவ என்னடான்னா சென்டர் ஃபார்வர்டாத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.’

நான் முகத்தைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை என்னையே பார்க்குது.

‘ஏம்மா, கீப்பர் நல்லாத்தானே இருக்கு?’

‘நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா எனக்குப் பந்து வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டு இருக்கப் பிடிக்கல. நான் பந்துகிட்ட போகணும்.’

‘ரெண்டும் ஒரு ஆளால முடியாதும்மா.’

‘ஏன் முடியாது? தனியா ஆடிப் பாத்துருக்கேன். பசங்களையெல்லாம் தாண்டிருவேன்.’

‘தனியா ஆடுறது வேற, மேட்ச் வேற. உங்க அப்பாவைப் பாரு. எவ்வளவு பெரிய கீப்பர் தெரியுமா? அவனும் சின்ன வயசுல இப்படித்தான் முன்னால ஆடணும்னு கேட்டுக்கிட்டு இருந்தான். முடிஞ்சதா?’

அது எபன் பக்கம் திரும்பிச்சு. ‘அப்பா, நீ முன்னால ஆடியிருக்கியா?’

அதுக்குத் தெரியாது சார். பெத்த பிள்ளைகிட்டக்கூட அவன் சொன்னதில்லை. எபன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, ‘சும்மா எப்பவோ ஒரு தடவை… சாத்தூர்லன்னு நெனைக்கேன். அண்ணாச்சிக்குத்தான் தெரியும்’னான்.

‘கோல் போட்டியா?’

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பிள்ளையும் என்னைப் பார்த்துச்சு. அடுப்படி வாசலில் பேச்சி நிக்கா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘ரொம்ப நாளாச்சும்மா. ஞாபகமில்லை’ன்னேன்.

எபன் உடனே, ‘பாத்தியா? ஞாபகம் வெச்சுக்கிற மாதிரி ஒண்ணும் ஆடிருக்க மாட்டேன். அண்ணாச்சியே சொல்லிட்டாரு. கீப்பராப் போ’ன்னான். அந்தப் பிள்ளை எந்திரிச்சு வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கிட்டு நின்னுச்சு. எபன் கும்பிட்டுட்டுப் போனான். ‘தூக்கத்தைக் கெடுத்துட்டோம்’னு வேற சொல்லிட்டுப் போறான்.

அவங்க போனதும் பேச்சி வந்து எதிரில் உட்கார்ந்தா. ‘அந்தக் கடுதாசி டிரங்குப் பெட்டிக்கு அடியில கெடக்கு. தெரியுமா?’ன்னா.

‘எந்தக் கடுதாசி?’

‘மெட்ராஸ்ல இருந்து வந்தது. நான் படிச்சிருக்கேன்.’

‘எப்போ?’

‘கல்யாணமான மறு வருசம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பெட்டியை நகத்தினப்போ.’

இருபத்தஞ்சு வருசமாச்சு சார். ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்கலை. ஏன் கேட்கலைன்னு கேட்டேன். ‘நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்’னா. சொல்லிட்டு மாவாட்டப் போயிட்டா. ராத்திரி எனக்குத் தூக்குச்சட்டி கட்டிக் கொடுக்கிற வரைக்கும் பேசலை. நேத்தும் பேசலை.

இருங்க சார், கொஞ்சம் தண்ணி கொடுங்க.

அந்தக் கடுதாசியில் நான் சொன்னது இருந்தது. சென்டர் ஃபார்வர்டை அனுப்பவும்னு இருந்தது, பொய் இல்லை. ஆனா முழு வரியையும் நான் உங்களுக்குச் சொல்லலை. ‘சாத்தூர் இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட தங்கள் சென்டர் ஃபார்வர்டை அனுப்பவும்.’ இப்படி இருந்தது. பேர் இல்லை. அந்த மனுசருக்குப் பேர் தெரியலை, லிஸ்டில் பார்த்திருந்தாலும் என் பேர்தான் இருந்திருக்கும். மூணு கோலைத்தான் அவர் தேடினார்.

இதை நான் எத்தனை தடவை படிச்சேன்னு நினைக்கிறீங்க? சென்டர் ஃபார்வர்டுங்கிற வார்த்தையில் விரலை வெச்சுக்கிட்டுப் படிப்பேன். அது நான்தான், லிஸ்டில் இருக்கு. விரலை எடுத்தா மூணு கோல் வந்து நிக்கும். மறுபடியும் விரலை வெப்பேன்.

மெட்ராஸ் மைதானத்தில் சாத்தூருக்கு வந்தவர் இல்லை. வேற ஒருத்தர், கையில் நோட்டு. ‘சாத்தூர்ல மூணு கோல் போட்டது நீதானாப்பா?’ன்னு கேட்டார். நல்லா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார், ஆசையா.

ஆமா சார்னேன்.

இருபது நிமிசம் ஆடினேன். அவர் நோட்டை மூடிட்டு, ‘மூணு கோல் போட்டவன் ஆட்டம் மாதிரி இல்லையே’ன்னார். கணுக்கால் சார்னேன். ‘கணுக்காலைச் சொல்லலைப்பா’ன்னார்.

ஷூவைக் கழற்றி எபன் கையில் கொடுத்தப்போகூடச் சொல்லியிருக்கலாம். துணியை வெளியே எடுத்துத் தட்டிக்கிட்டே, ‘அடுத்த வருசம் பாத்துக்கலாம் அண்ணாச்சி’ன்னான். அடுத்த வருசமே நானே எழுதிப் போட்டிருக்கலாம், ஆள் மாறிப் போச்சு, அந்தப் பையன் இவன்தான்னு. ஒரு கார்டு போதும். அவனுக்கு வயசு இருந்தது. எழுதலை. எழுதினா டீமுக்குக் கீப்பர் யாருன்னு நினைச்சேன். இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. நினைச்சேன்னு இப்போ சொல்றேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். ஒரு ஆளால் ரெண்டு இடம் முடியாதுங்கிறதை நான் அவனை ஏமாத்துறதுக்காகச் சொன்னதில்லை. நம்பித்தான் சொன்னேன். இன்னும் நம்புறேன். என்னால் முடியலையே சார். நான் ஒன்பது வயசிலிருந்து மட்டை பிடிச்சவன். எனக்கு ஒரு இடம்தான் வந்தது, அதுவும் பாதிதான் வந்தது. அவனுக்கு ரெண்டும் வரும்னா… சரி.

தாழையூத்தா இது? சிமெண்டு வாசனை வருதே. அப்போ இன்னும் பத்து நிமிசம்தான். நீங்க வண்ணாரப்பேட்டையில் இறங்குங்க, பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ் அங்கதான் கிடைக்கும்.

ஒரு உதவி பண்ணுங்க சார். ஜெபசெல்வின்னு ஒரு பிள்ளை இருக்கும், கோவில்பட்டி. கீப்பருங்க நிக்கிற பக்கம் நிக்கும். எடுத்தாலும் கீப்பராத்தான் எடுப்பாங்க. எடுத்த பிறகு யார் மாத்துவாங்க, சொல்லுங்க? அதனால முதலிலேயே ஒரு அரை மணி நேரம் அதை முன்னால விட்டுப் பாருங்க. விசில் உங்க கையில் இருக்கு, யாரும் கேட்க மாட்டாங்க. முடியாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் விட்டுப் பாருங்க. அது முன்னால ஆடி முடியலைன்னா முடியலைன்னு போகட்டும். நான் சொன்னதால முடியாமப் போக வேண்டாம்.

அவங்க அப்பனும் வந்திருப்பான். உள்ள வர மாட்டான், வேலிக்கு வெளியே கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நிப்பான். கட்டையான ஆள், காக்கிச் சட்டை. அவன்கிட்டப் போய், சாத்தூரில் மூணு கோல் போட்டவனைத்தான் அன்னைக்கு மெட்ராஸில் கேட்டிருந்தாங்கன்னு சொல்லிருங்க. பிள்ளை காதிலும் விழுற மாதிரிச் சொல்லுங்க. யார் சொன்னான்னு கேட்பான். சீனிராஜ்னு சொல்லுங்க. சொல்லலாம். என் பேரைச் சொல்லலாம்.

நானா? இல்லை சார், நான் வரலை. அங்க போகணும்னுதான் டூட்டி முடிஞ்சதும் வீட்டுக்குக்கூடப் போகாம பஸ் ஏறினேன். ஆனா ராத்திரி முழுக்க முழிப்பு, கண்ணெல்லாம் மணல் போட்ட மாதிரி இருக்கு. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பிருவேன். நீங்க சொன்னாப் போதும், நீங்க வாத்தியார், பக்குவமாச் சொல்லுவீங்க.

அவன் திட்டினா நான் வந்து நிப்பேன் சார். ஓங்கி ரெண்டு அறை விட்டாக்கூட வாங்கிக்கிடுவேன். அவன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான். கொஞ்ச நேரம் கீழே பார்ப்பான். அப்புறம், ‘போகட்டும், அண்ணாச்சி சாப்பிட்டாரா?’ன்னு கேட்பான். எழுதி வெச்சுக்கோங்க, இதைத்தான் கேட்பான்.

சாப்பிடலைன்னு சொல்லிராதீங்க. இறங்குங்க சார், கண்டக்டர் கத்துறார்.